இரண்டு பைட்டுகளும் ஏழு ஆண்டுகளும்: ரஸ்ட் மொழியில் நூலகம் எழுதிய அனுபவம்

கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் சிறு நிறுவனம், தொழிற்சாலைகளின் மின் மீட்டர்களிலிருந்து அளவீடுகளைப் படித்து மையக் கணினிக்கு அனுப்பும் கேட்வே பெட்டிகளைத் தயாரிக்கிறது. அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் திருமுடிவாக்கத்திலும் பல பட்டறைகளின் மின்பலகைக்குள் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. மீட்டர்களோடு அவை பேசும் மோட்பஸ் நெறிமுறை 1979-ல் வெளியானது. அதற்கான நூலகத்தை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) முன்பு சி மொழியில் வைத்திருந்தோம். 2018 டிசம்பரில், ரஸ்ட் மொழியின் 2018 எடிஷன் வெளிவந்த அதே மாதத்தில், அதை ரஸ்ட்டில் புதிதாக எழுதத் தொடங்கினேன். இன்று அந்த நூலகத்தை எங்கள் பெட்டிகளோடு, எங்களிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தும் வேறு சில குழுக்களும் நம்பியிருக்கின்றன. ரஸ்ட்டைக் கற்பது கடினமா எளிதா என்பதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. பிறர் பயன்படுத்தும் நூலகத்தைப் பராமரிப்பவருக்கு இம்மொழியின் வளர்ச்சி எப்படி வந்து சேர்கிறது என்பதை மட்டுமே இங்கே பதிவு செய்கிறேன்.

சி-யை விட்டு வந்ததற்கு ஒரே ஒரு பிழைதான் காரணம். சீரியல் கம்பி வழியே பேசும் மோட்பஸ் ஆர்டியு முறையில் ஒரு செய்திச் சட்டகம் அதிகபட்சம் 256 பைட் நீளம் கொண்டது. கம்பியில் வரும் பைட்டுகளை ஒரே பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வாங்கி, அந்தப் பஃபரைச் சுட்டும் பாயிண்டரை வரிசையில் போட்டு, உடன் ஓடும் வேறொரு திரெட் அதை எடுத்துப் படிக்கும்படி எழுதியிருந்தோம். அந்தத் திரெட் சற்றே தாமதித்தால் அதற்குள் அடுத்த மீட்டரின் பதில் அதே பஃபரில் வந்து அமர்ந்துவிடும். மூன்றாம் மீட்டரின் பெயரில் ஐந்தாம் மீட்டரின் அளவு பதிவாகும். எதுவும் நொறுங்காது, எந்த எச்சரிக்கையும் வராது. மாத இறுதியில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு இடித்தபோதுதான் தெரிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அதே வடிவமைப்பை ரஸ்ட்டில் எழுதிப் பார்த்த முதல் நாளே, பஃபர் இரவலில் இருக்கும்போது அதில் எழுத முடியாது என்று சொல்லி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நிறுத்திவிட்டது. மூன்று வார வேலை ஒரு பிழைச்செய்தியாகச் சுருங்கியதைப் பார்த்த அன்றே முடிவெடுத்தோம்.

இரவல் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். கல்லூரி முடித்து வருபவர்களுக்கு ‘பாரோ’ என்று சொல்லிக் கற்பித்தபோது அது இன்னொரு கலைச்சொல்லாக மட்டுமே நின்றது. ஒரு இளம் பொறியாளர் கம்பைலரோடு அரைநாள் மல்லுக்கட்டிவிட்டு, “சார், பஃபர் அங்கேதானே இருக்கு, அது எங்கே போயிடப் போகுது?” என்று கேட்டார். “கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த நகையும் அந்த வீட்டில்தான்மா இருக்கு, அது திரும்பி வர்றதுக்குள்ள உங்களால அதை அழிச்சு வேற நகை பண்ண முடியுமா?” என்று கேட்டேன். உடைமை, இரவல், இரவலின் ஆயுள் ஆகிய மூன்று சொற்களை வைத்தே இப்போது எங்கள் அலுவலகத்தில் முதல் வாரப் பயிற்சி நடக்கிறது. தமிழில் கற்பிப்பதால் பெருமை என்பதற்காக அல்ல, அப்படிக் கற்றவர்கள் லைஃப்டைம் (இரவலின் ஆயுள்) குறியீடுகளைக் கண்டு அஞ்சாமல் படிப்பதைப் பார்த்ததால் அதைத் தொடர்கிறேன்.

இனி, தலைப்பில் சொன்ன இரண்டு பைட்டுகளுக்கு வருகிறேன். மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் மோட்பஸ் ரெஜிஸ்டர் ஒவ்வொன்றும் 16 பிட். கம்பியில் உயர் பைட் முதலிலும் தாழ் பைட் அடுத்தும் வரும். ஒரே கோரிக்கையில் 125 ரெஜிஸ்டர்கள் வரை படிக்கலாம், அதாவது 250 பைட் தரவு. அந்தத் தரவை இரண்டிரண்டாகப் பிரித்து எண்ணாக மாற்றும் வரிதான் நூலகத்தின் இதயம். ஏழு ஆண்டுகளில் நான் அதிகம் திருத்தி எழுதிய வரியும் அதுதான். நெறிமுறை மாறவே இல்லை. மொழி வளர்ந்தபோதெல்லாம் இந்த வரியை முன்னைவிட நேர்மையாக எழுத முடிந்தது.

தொடக்கத்தில் பைட் வரிசையைக் கையாள வெளி நூலகம் ஒன்றைச் சார்ந்திருந்தோம். 2019 ஜனவரியில் வந்த ரஸ்ட்டின் 1.32 பதிப்பில் அந்த வசதி எண் வகைகளுக்குள்ளேயே வந்துவிட்டது; ஒரு சார்பு குறைந்தது. ஆனால் அந்தச் செயற்கூறு சரியாக இரண்டு பைட் நீளமுள்ள அரேயைத்தான் ஏற்கும். நம்மிடம் இருப்பதோ, இரண்டிரண்டாகப் பிரித்த பிறகும், நீளம் அதன் வகையில் (டைப்) எழுதப்படாத ஒரு ஸ்லைஸ், அதாவது அரேயின் ஒரு பகுதி. அதன் நீளம் இரண்டு என்பது எழுதுபவருக்குத் தெரியும், வகைக்குத் தெரியாது. ஆகவே முதல் பைட்டையும் இரண்டாம் பைட்டையும் கையால் எடுத்து அரேயாகக் கட்டிக் கொடுத்தோம். பிறகு, தோற்கக்கூடிய மாற்றமாக எழுதி முடிவில் ‘அன்ராப்’ போட்டோம்; மாற்றம் தோற்றால் நிரலையே நிறுத்திவிடும் கட்டளை அது. அந்த அன்ராப் ஒருபோதும் தோற்காது. ஆனாலும் நிரலைச் சரிபார்க்க வந்த ஒவ்வொருவரும் அங்கே நின்று, இது பேனிக் ஆகாதா (நிரல் நின்றுவிடாதா) என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். தோற்காது என்பதற்கு மேலே எழுதிய குறிப்புரை மட்டுமே உத்தரவாதம் என்றால், அது பாதி உத்தரவாதம்தான்.

இதற்குத் தீர்வு நூலகத்தில் இல்லை, மொழியில் இருந்தது. அரேயின் நீளத்தையே வகையின் அளவுருவாக எழுதும் கான்ஸ்ட் ஜெனரிக்ஸ், அதன் முதல் வடிவில், 2021 மார்ச்சில் 1.51 பதிப்போடு நிலைபெற்றது. அதன் மேல் கட்டப்பட்ட, ஸ்லைஸை நிலையான நீளமுள்ள அரேக்களாகவே பிரித்துத் தரும் செயற்கூறு, சோதனைப் பதிப்பான நைட்லி கம்பைலரில் பல ஆண்டுகள் பரிசோதனையில் இருந்துவிட்டு 2025 ஜூனில் 1.88 பதிப்பில் நிலைபெற்றது. அதைக் கொண்டு எழுதினால் அன்ராப் மறைகிறது, கையால் எடுப்பதும் மறைகிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: அச்செயற்கூறு, இரண்டில் அடங்காமல் மிஞ்சிய பைட்டைத் தனியே நம் கையில் தந்துவிடுகிறது. ஒற்றைப்படை நீளத்தில் தரவு வந்தால் அச்சட்டகம் பழுதானது என்று பொருள். பழைய முறையில் மிச்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும்; கேட்க மறந்தால் அது சத்தமின்றிப் போய்விடும். எங்கள் முதல் பதிப்பில் மறந்திருந்தோம்.

நான்கு ஆண்டுகள் நீண்ட காத்திருப்பு என்று அன்று கோபப்பட்டிருக்கிறேன். இன்று அந்தக் கருத்து மாறியிருக்கிறது, முழுமையாக அல்ல. மொழி வசதிக்கும் நூலக வசதிக்கும் இடையே உள்ள சார்பு பயனரின் பார்வைக்குத் தெரிவதில்லை. கான்ஸ்ட் ஜெனரிக்ஸுக்கு முன்பு, டீபக் (அச்சிட்டுப் பார்ப்பது), சமத்துவ ஒப்பீடு போன்ற டிரெய்ட்கள், அதாவது ஒரு வகைக்குச் சேர்க்கப்படும் திறன்கள், 32 நீளம் வரையிலான அரேக்களுக்கு மட்டுமே கிடைத்தன. எங்கள் 256 பைட் சட்டகத்தைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கக்கூட ஒரு உறை வகையை எழுதி, அதற்கான அமலாக்கத்தைக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபரின் 1.47 பதிப்பு அந்த எல்லையை நீக்கியது. நாற்பது வரிகளை அழித்த அந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இயல்பு மதிப்பைத் தரும் டிஃபால்ட் டிரெய்ட்டுக்கு இன்றும் 32 தான் எல்லை. நீளம் பூஜ்ஜியமாக உள்ள அரேக்கு, உள்ளடக்க வகைக்கு இயல்பு மதிப்பு இல்லாவிட்டாலும் அது கிடைக்கும் என்று முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு விதிவிலக்கைப் பொதுவிதியோடு சேர்த்து எழுத மொழியில் இன்னும் வழியில்லை. கொடுத்த வாக்கை உடைப்பதைவிடக் குறையோடு இருப்பது மேல் என்பது அவர்களின் முடிவு. நூலகம் எழுதுபவன் என்ற முறையில் அம்முடிவை மதிக்கிறேன். என் பயனர்களுக்கும் நான் அதையே செய்ய வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 32 பிட் மதிப்பை இரண்டு ரெஜிஸ்டர்களில் வைக்கும்போது எந்தப் பாதி முதலில் என்பதில் மீட்டர் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. அதற்கு ஒரு ‘எனம்’ (enum, சாத்தியமான மதிப்புகளைப் பட்டியலிடும் வகை) வைத்தோம். புதிய மீட்டர் வந்து, புதிய வரிசையைச் சேர்த்தபோது, பழைய எனத்தின் ஒவ்வொரு மதிப்பையும் முழுமையாக ‘மேட்ச்’ செய்து கையாண்டிருந்த பயனர்களின் நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. எனம் பின்னர் வளரலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் குறிப்பு 1.40 பதிப்பில், 2019 இறுதியில் வந்தது. அதை அன்றே போடாதது என் தவறு.

ஒத்தியங்கா நிரலாக்கத்தைப் (ஒரு வேலை காத்திருக்கும்போதே வேறொன்றைத் தொடரும் முறை) பற்றி மட்டும் என் மனக்குறை தீரவில்லை. அதற்கான ‘ஏசிங்க், அவெய்ட்’ சொற்கள் இரண்டும் 2019 நவம்பரில் 1.39 பதிப்போடு நிலைபெற்றன. மொழி அந்தச் சொற்களைத் தந்தது. அவற்றை இயக்கும் எக்ஸிகியூட்டரைத் தரவில்லை, அதை வெளி நூலகங்களுக்கு விட்டது. கேட்வேயில் டோக்கியோ என்ற எக்ஸிகியூட்டர் நூலகம் ஓடுகிறது. சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பெட்டியில் இயங்குதளமே இல்லை. ஒரு வாடிக்கையாளர் பழைய திரெட் முறையையே விரும்புகிறார். ஒரே நூலகம் மூவருக்கும் எப்படிப் பயன்படும்? இரண்டு ஆண்டுகள் மூன்று கிளைகளாகப் பராமரித்துச் சோர்ந்த பிறகு, நூலகத்திலிருந்து உள்ளீடு வெளியீடு முழுவதையும் வெளியேற்றினோம். இப்போது அது பைட்டுகளை வாங்கிக்கொண்டு, சட்டகம் முடிந்ததா, இன்னும் வேண்டுமா, பழுதா என்று மட்டுமே பதில் சொல்கிறது. படிப்பதும் எழுதுவதும் பயனரின் பொறுப்பு. இது நல்ல வடிவமைப்பு என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் மொழி விட்ட இடைவெளியால் அங்கே தள்ளப்பட்டோம் என்பதும் உண்மை. டிரெய்ட்டுக்குள் ஒத்தியங்கா செயற்கூறு எழுத 2023 டிசம்பரின் 1.75 வரை காத்திருந்தோம். அதுவரை மேக்ரோ ஒன்று ஒவ்வோர் அழைப்புக்கும் ஹீப்பில் (ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகத்தில்) இடம் ஒதுக்கித்தான் அதைச் செய்து தந்தது, ஹீப்பே இல்லாத பெட்டிக்கு அது ஆகாது. அந்தச் சிறிய பெட்டிகளைப் பொறுத்தவரை பெரிய நிம்மதி 2024 செப்டம்பரில் கிடைத்தது: பிழைக்கான எர்ரர் டிரெய்ட் 1.81 பதிப்பில், இயங்குதளம் இல்லாமலும் பயன்படும் ‘கோர்’ நூலகத்துக்கு இடம்பெயர்ந்தது. இயங்குதளம் உள்ளதற்கும் இல்லாததற்கும் இரண்டு பிழை வகைகளை வைத்திருந்த நாங்கள் ஒன்றாக்கினோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வாரத்தையும் சொல்லியாக வேண்டும். அம்பத்தூரில் தண்ணீர் வடிந்து மின்சாரம் திரும்பியபோது எங்கள் பெட்டிகள் சில எழுந்து, உடனே விழுந்து, மீண்டும் எழுந்து விழுந்துகொண்டே இருந்தன. அவற்றில் கடிகார பேட்டரி இல்லை. எழும்போது காலம் 1970 ஜனவரி 1. நெட்வொர்க் வந்தால்தான் சரியான நேரம் கிடைக்கும், அப்பகுதியிலோ அலைபேசிக் கோபுரங்கள் இன்னும் எழவில்லை. ஃப்ளாஷில் கடைசியாகச் சேமித்த அளவீட்டின் நேரம் 2023 டிசம்பர். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் காலம் பின்னோக்கிப் போகிறது. ரஸ்ட்டின் நிலைநூலகம் (மொழியோடு சேர்ந்தே வரும் நூலகம்) அந்தக் கழித்தலின் விடையை எண்ணாகத் தருவதில்லை, தோற்கக்கூடிய ரிசல்ட்டாகத்தான் தருகிறது. கடிகாரம் பின்னால் போகலாம் என்பதை அதை வடிவமைத்தவர்கள் வகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் அன்ராப் போட்டவன் நான். பேனிக், செயலிழந்த பெட்டியை மீட்டெழுப்பும் வாட்ச்டாக், மறுதொடக்கம், மீண்டும் பேனிக். முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு பெட்டியாக மடிக்கணினியில் இணைத்துச் சரிசெய்தோம். அன்றிலிருந்து எங்கள் நூலகத்தில் அன்ராப்புக்குக் நிரலைச் சோதிக்கும் கிளிப்பி கருவி வழியாகத் தடை போட்டிருக்கிறோம். இரண்டு பைட் வரியில் இருந்த அந்தத் தோற்காத அன்ராப்பை நான் இவ்வளவு பகைப்பதற்குக் காரணமும் இதுதான்: தோற்காத ஒன்றை அனுமதித்தால், தோற்கக்கூடிய ஒன்று கண்ணில் படாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது.

நிலைநூலகம் சிறிதாக இருப்பதைப் பற்றிப் புதியவர்கள் குறைசொல்வார்கள். ஒருமுறை மட்டும் நிரப்பப்படும் மதிப்பைக் கையாள எங்களுக்கு முதலில் ஒரு வெளி நூலகம், பிறகு அதைவிடச் சீரான இன்னொன்று, இறுதியாக 1.70, 1.80 பதிப்புகளில் நிலைநூலகமே அதைத் தந்தது. வெளியே பலர் கையில் தேய்ந்து மெருகேறியதை உள்ளே எடுப்பதால், உள்ளே வந்த பிறகு அது மாறுவதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய கம்பைலர் வந்தும் எங்கள் நிரல் உடைந்தது ஒரே ஒரு முறைதான். 2024 ஜூலையின் 1.80-ல் நிலைநூலகம் புதிய டிரெய்ட் அமலாக்கம் ஒன்றைச் சேர்க்க, தேதி, நேரம் கையாளும் பரவலான ஒரு நூலகத்தின் பழைய பதிப்பில், அதுவரை ஐயமின்றி ஊகிக்க முடிந்த ஒரு வகையைக் கம்பைலரால் ஊகிக்க முடியாமல் போனது. எதையும் நீக்காமல், சேர்த்ததாலேயே உடைந்தது. சார்பைப் புதுப்பித்ததும் பத்து நிமிடத்தில் சரியானது. என்றாலும், என் நூலகத்தில் ஒரு டிரெய்ட்டைச் சேர்க்கும் முன் இப்போது இருமுறை யோசிக்கிறேன். கம்பைல் ஆகும் நேரம் மட்டும் இன்னும் தொல்லைதான். முழுமையாகக் கட்டத் தொடங்கினால் கீழே போய்க் காபி குடித்துவிட்டே வரலாம்.

1.88-ன் அந்த இரண்டு பைட் வரியை எழுதித் தனிக் கிளையில் வைத்திருக்கிறேன். சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. ஆனால் எங்கள் பயனர்களில் ஒரு குழு 1.81 கம்பைலரில் நிற்கிறது. அவர்களின் சான்றிதழ்ச் சோதனை முடியும் வரை அதை மாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நூலகத்துக்குத் தேவையான குறைந்தபட்சக் கம்பைலர் பதிப்பாக 1.81 என்று கார்கோ அமைப்புக் கோப்பில் நான் எழுதியிருப்பது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அவர்களிடமிருந்து பதில் வரும்வரை அந்தக் கிளை அப்படியே இருக்கும்.