குறுவை விதைக்கு அவுட்லுக் வாக்குப் பொத்தான்கள்

பாசனத்துக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால், திருவாரூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் எந்தக் குறுவை (குறுகிய கால) நெல் ரகத்தின் விதையை வாங்குவது என்பது மே மாதத்திற்குள் முடிவாகிவிட வேண்டும். இதை இயக்குநர்களிடம் மின்னஞ்சலில் கேட்டால், "நானும் அதையே சொல்கிறேன்" என்று பதில் வரும். எதை என்பது முந்தைய ஐந்து அஞ்சல்களைப் புரட்டினால்தான் விளங்கும். அதனால் இம்முறை மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் செயலியான அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் (கிளாசிக் அவுட்லுக்) உள்ள வாக்குப் பொத்தான்களைப் பயன்படுத்தினேன்.

புதிய அஞ்சலைத் திறந்து, 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யூஸ் வோட்டிங் பட்டன்ஸ்' என்பதை அழுத்தினால், ஆம்/இல்லை போன்ற ஆயத்தத் தெரிவுகள் வருகின்றன. நமக்கு வேண்டியவற்றை இட 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலச் சொற்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு தெரிவுக்கும் இடையே அரைப்புள்ளி இட வேண்டும். 'ஆடுதுறை 36;ஆடுதுறை 43;கோ 51' என்று தமிழிலேயே தட்டினேன்; அப்படியே மூன்று பொத்தான்களாகின. வாக்களித்தவரின் பதில், தலைப்பின் முன்னே அவர் தேர்ந்த ரகத்தின் பெயரைத் தாங்கி வருகிறது. முதல் வாக்கு வந்தபின், 'சென்ட் ஐட்டம்ஸ்' கோப்புறையிலுள்ள மூல அஞ்சலைத் திறந்து 'டிராக்கிங்' என்பதை அழுத்தினால், யார் எதைத் தேர்ந்தார் என்பது கூட்டுத்தொகையோடு தெரிகிறது. நோட்டில் கோடு போட்டு எண்ணும் வேலை இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

எனினும் இந்த வசதி, எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக அஞ்சல் சேவை) அல்லது மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளுக்கு உரியது. ஜிமெயிலில் படிப்பவருக்குப் பொத்தான் தெரியாது. இதைப் பாராமல் இயக்குநர்களின் சொந்த முகவரிகளுக்கு அனுப்பியது என் பிழை, மன்னார்குடியிலிருந்து ஒருவர், "கேள்வி இருக்கிறது, பொத்தான் எங்கே தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டபிறகே உறைத்தது. அத்தகையோருக்கு, மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவச் சேவை வழியே இயங்கும் 'போல்' (Poll) என்ற வாக்கெடுப்பு வசதியே ஏற்றது. அவர்கள் அஞ்சலில் வரும் இணைப்பை உலாவியில் திறந்து வாக்களிக்கலாம்.

அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குள் விரைவாகக் கருத்தறிய, கூடுதலாக எதையும் நிறுவத் தேவையில்லாத இந்தப் பொத்தான்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒவ்வொரு வாக்கும் பெயரோடு அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுவதால், விதை ரகத்தைக் கேட்கலாமே தவிர, அடுத்த தலைவர் யார் என்று இதில் கேட்க மாட்டேன்.