அப்ரைசலா, செக்-இன்னா, குழு அலசலா?

வேலை எப்படிப் போகிறது என்று ஊழியரிடம் சொல்ல மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஆண்டுக்கு ஒருமுறை வரும் அப்ரைசல், அவ்வப்போது மேலாளருடன் பேசும் செக்-இன், வேலை முடிந்த கையோடு குழுவாக உட்காரும் அலசல். இன்கிரிமென்ட்டைப் பங்கிட எது வசதி என்பதை விட்டுவிடுகிறேன். குழுவிலிருந்து அடுத்த தலைவரை எது உருவாக்கும் என்பதே என் கேள்வி.

அப்ரைசலின் கடுமையான வடிவம் ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்து அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கில் புகழ்பெற்றது. மேலே 20 சதவீதம், நடுவில் 70, கடைசி 10 சதவீதத்தினருக்கு வாசல். மைக்ரோசாஃப்ட் இத்தகைய கட்டாயத் தரவரிசையை 2013இல் கைவிட்டது, நம் ஐ.டி. துறையை ஆட்டிவைத்த பெல் கர்வை, அதாவது எந்த ரேட்டிங் எத்தனை சதவீதம் பேருக்கு என்று முன்கூட்டியே பங்கிடும் முறையை, இன்ஃபோசிஸ் 2015இல் விட்டது. பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தால் தன் ரேட்டிங் குறையும் என்ற நிலையில் யார் சொல்லிக்கொடுப்பார்? ஒரு நன்மை உண்டு: பதவி உயர்வு மறுக்கப்பட்டவர் நியாயம் கேட்க, எழுத்தில் ஏதாவது மிஞ்சும்.

அடோபி 2012இல் ஆண்டு மதிப்பீட்டை நிறுத்திவிட்டுச் செக்-இன்னுக்கு மாறியது. தவறு நடந்த வாரத்திலேயே பேசிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லாமே மேலாளரின் நாக்கைப் பொறுத்தது. ஆய்வாளர்கள் க்ளூகரும் டெனிசியும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்தே இருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின் மீது திரும்பும்போது கெடுதல் கூடுகிறது என்பது அவர்கள் விளக்கம். "அறிக்கை இரண்டு நாள் தாமதம், எங்கே சிக்கியது?" என்பது வேறு, "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பது வேறு. இரண்டாவதை மாதாமாதம் கேட்பதைவிட ஆண்டுக்கு ஒருமுறை கேட்பதே மேல்!

மூன்றாவது வழி அமெரிக்க ராணுவம் 1970களில் வளர்த்தெடுத்தது. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம் என்ற நான்கு கேள்விகள். அதிகாரியின் முடிவையும் கீழ்நிலை வீரர் கேள்வி கேட்கலாம். இத்தகைய அலசல்கள் செயல்திறனைச் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்துவதாக 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

என் ஓட்டு இதற்குத்தான். நடத்தும் பொறுப்பை முறைவைத்து இளையவர்களிடம் கொடுத்தால், குற்றம் சாட்டாமல் கேள்வி கேட்பது, வாய் திறக்காதவரைப் பேசவைப்பது எல்லாம் பழகிவிடும். இதைச் சொல்லித்தர எந்த இரண்டு நாள் பயிலரங்காலும் ஆகாது. ஆனால் "சார் என்ன நினைக்கிறாரோ" என்று முகம் பார்க்கும் நம் அலுவலகங்களில் மேலாளர் முதலில் தீர்ப்புச் சொன்னால் அத்தோடு முடிந்தது. அவர் கடைசியில் பேசட்டும். ஒருவரின் தனிப்பட்ட குறையைச் சபையில் எடுக்கவும் கூடாது. அதற்குச் செக்-இன் போதும்.

அலசலில் மனம்விட்டுச் சொன்னதை இன்கிரிமென்ட் பேசும் நாளில் அவருக்கு எதிராகவே எடுத்து வைத்தால், அடுத்த அலசலில் எல்லோரும் "எல்லாம் நன்றாகவே நடந்தது" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள்.