இடர் மதிப்பீட்டில் மேற்படிப்பு: தொழிலகப் பாதுகாப்பா, நச்சியலா, உயிரிப் பாதுகாப்பா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்பை முடித்ததும் ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சேஃப்டி படிக்கலாம்னு இருக்கேன் அண்ணா, எதுல சேரட்டும்?" கஞ்சிக்கோட்டில் வேதிப்பொருள் ஆலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்பவன் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். 'சேஃப்டி' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று வேறான மூன்று படிப்புகள் இருக்கின்றன. அவற்றின் பாடங்களும் நுழைவுத் தகுதியும் வேறு, முடித்தபின் போய்ச் சேரும் இடமும் வேறு.

தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல், ஒரு பொருள் தொட்டியையும் குழாயையும் விட்டு எப்படி வெளியேறும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அப்படி நேரலாம் என்று கேட்கிறது. வெளியேறிய பொருள் மனித உடலுக்குள் எவ்வளவு போகும், எந்த அளவிலிருந்து கேடு தொடங்கும் என்பது நச்சியலின் கேள்வி. உயிரிப் பாதுகாப்புக்கோ, வெளியேறுவது தானே பெருகக்கூடிய உயிராக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை. எந்தக் கேள்வி தன்னைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதைத்தான் ஒருவர் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நடப்பில் பலர் கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில்தான் தாம் தேடி வந்தது இதுவல்ல என்று உணர்கிறார்கள்.

முதலாவதற்கு நம் பக்கத்தில் வழி தெளிவாகவே இருக்கிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் எம்.டெக். உண்டு, பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட்டில் நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கும் சிவகாசி மெப்கோ கல்லூரியில் இதே துறையில் எம்.இ. இருக்கிறது. ஆலையின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன பிசகலாம் என்று பார்க்கும் ஹேசாப் எனப்படும் படிப்படியான ஆய்வு, விபத்தின் காரணங்களைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் தவறு மரம், வாயு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவும் என்ற கணக்கு, போபாலுக்குப் பின் வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகள் ஆகியவை இந்தப் படிப்பின் உயிர்நாடி. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்த விபத்தை எடுத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். ஸ்டைரீன் தனக்குத்தானே பாலிமராகிச் சூடேறும் இயல்புள்ளது. அதைத் தடுக்கும் வேதிப்பொருளின் அளவு குறைந்துபோன நிலையில், ஊரடங்கால் நின்றிருந்த ஆலையின் தொட்டியில் மேல்மட்டத் திரவம் சூடாகிக்கொண்டே போயிருக்கிறது; வெப்பமானியோ தொட்டியின் அடியில் இருந்தது. இப்படி ஒரு கருவி எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கேள்வியாக எழுப்பக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பு.

ஆனால் இதற்கு பி.இ. அல்லது பி.டெக். பட்டம் வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். நம் தாலுகாவில் பொறியியலைவிட அறிவியல் பட்டதாரிகளே அதிகமாக என்னிடம் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நச்சியலைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் எல்லைப்புறத்துக்கு மிகவும் தேவைப்படுவதும் பிள்ளைகள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் இதுதான். முதலமடையில் மாமரங்கள் பூக்கும் பருவத்தில் உறவுக்காரர் ஒருவரின் தோப்புக்குப் போயிருந்தேன். நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை நிரப்பி, மருந்து பாட்டிலின் மூடியாலேயே அளந்து ஊற்றிவிட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். "கையை விடாதீங்க மாமா" என்றதற்கு, பாட்டிலைத் திருப்பிக் காட்டி, "பச்சை முக்கோணந்தான் கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றார். அந்த முக்கோணம் சொல்வது வேறு: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை, ஒருமுறை உட்கொண்டாலோ மேலே பட்டாலோ எந்த அளவில் சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் என்பதை வைத்து வகுக்கப்பட்டது, வாய்வழியாக உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் கொல்வது சிவப்பு, 5000-க்கு மேல் போவது பச்சை. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் முழங்கை வரை நனைபவருக்குப் பத்தாண்டில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த நிறத்தில் பதில் கிடையாது. பொருளின் தீங்குத் தன்மை வேறு, அது நம்மை வந்தடையும் அளவு வேறு, இரண்டும் சேர்ந்ததே இடர். பேச்சில் எல்லாவற்றையும் 'ஆபத்து' என்றே சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பேசப் பழகுவதுதான் நச்சியலின் முதல் பாடம்.

இதே தாலுகாவின் பிளாச்சிமடையை யாரும் மறந்திருக்க முடியாது. அங்கிருந்த குளிர்பான ஆலையின் கழிவுச் சேறு உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2003-இல் அதில் கேட்மியம் இருப்பது சோதனையில் வெளிப்பட்டது. 2004-இல் ஆலை நின்றது. தண்ணீருக்கான போராட்டமாகவே அது நினைவில் நிற்கிறது, அது சரியும்கூட. ஆனால் நச்சியல் படித்தவர் இன்னொரு கணக்கையும் போடுவார். கேட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கும் உலோகம். பன்னாட்டு வல்லுநர் குழு ஏற்கத்தக்கதாக வைத்த அளவு, மாதத்துக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 என்று ஆகிறது. தீட்டிய அரிசிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் அரிசியை நாளுக்கு 400 கிராம் உண்பவர் 160 மைக்ரோகிராம் கேட்மியத்தை உட்கொள்கிறார். வரம்புக்கு உட்பட்ட அரிசியே மூன்று வேளையும் சோறு உண்பவருக்கு மும்மடங்கு மிகையாகிவிடலாம். இந்த நாலு வரிக் கணக்கைப் போட்டு, எழுதி, அதிகாரிகள் முன் வைத்து வாதிடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இதைப் படிக்கும் இடங்கள் சற்றுத் தொலைவில் இருக்கின்றன. தில்லி ஜாமியா ஹம்தர்தில் நச்சியல் எம்.எஸ்சி. இருக்கிறது. லக்னோவில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் முனைவர் பட்டத்துக்கு ஏற்றது. பி.ஃபார்ம். முடித்தவர்கள் ஹைதராபாத்தில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான நைப்பரைப் பார்க்கலாம், கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு மருந்தியல், நச்சியல் எம்.வி.எஸ்சி. சென்னையிலேயே உண்டு. பட்டத்துக்குப் பின் வேலை இருக்குமா என்று பெற்றோர் கேட்பதற்கு ஒரு வலுவான பதில்: நம் நாட்டின் ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற ஆய்வகங்களின் சோதனைத் தரவுகளை 2011 முதல் ஓ.இ.சி.டி. என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. ஐரோப்பாவின் வேதிப்பொருள் சட்டமான ரீச் உற்பத்தியாளர்களிடமே பாதுகாப்புத் தரவு கேட்பதால், அத்தகைய ஆய்வகங்களுக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. குறையையும் சொல்லிவிட வேண்டும்: தொடக்க ஆண்டுகளில் சோதனை விலங்குகளோடும் பதிவேடுகளோடும் நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் ஒத்துவராது.

உயிரிப் பாதுகாப்பு இந்தியாவில் தனிப் பட்டமாக அரிதாகவே கிடைக்கிறது, பெரும்பாலான எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பப் பாடத்திட்டங்களில் அறிவுசார் சொத்துரிமையோடு சேர்த்து ஒரே தாளாக வைத்திருக்கிறார்கள். ஆகவே உயிரித் தொழில்நுட்ப முதுகலைக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜி.ஏ.டி.-பி. எழுதி நல்ல உயிரித் தொழில்நுட்பத் துறையில் சேர்ந்து, ஆய்வேட்டைப் பாதுகாப்புப் பக்கம் திருப்பிக்கொள்வதே வழி. இதற்கான சட்டமும் 1989-இல் வந்ததுதான்: மரபணு மாற்ற வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னுள் ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழுவை வைத்திருக்க வேண்டும், அதற்கு மேலே மத்தியக் குழுக்கள் இரண்டு. நுண்ணுயிர்களை வளர்க்கும் நொதிகலனின் கொள்ளளவு 20 லிட்டரைத் தாண்டினாலே பெரிய அளவு என்று கருதிக் கூடுதல் ஒப்புதல் கேட்கிறது வழிகாட்டு நெறி. மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்திரிக்கு 2010 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட தடையைப் பார்த்து, இத்துறையில் வேலையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தடுப்பூசியும் இன்சுலினும் நொதிகளும் செய்யும் ஆலைகள் எல்லாமே இந்த விதிகளுக்குள் வருகின்றன, அவற்றுள் பல ஹைதராபாத்தைச் சுற்றியே இருக்கின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஆனாலும் பாதுகாப்புக்கென்றே முழுநேரப் பணியிடம் தருபவர்கள் குறைவு. உற்பத்தி, தரக்கட்டுப்பாடு வழியாக உள்ளே போய்த்தான் அந்த நாற்காலியை அடைய வேண்டியிருக்கிறது.

இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நான்காவது ஒன்று, சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டு உயர் பட்டயம். ஆழத்தில் முதுகலைக்கு ஈடாகாது. ஆயினும் ஆலையில் பாதுகாப்பு அலுவலராக உட்காரச் சட்டம் கேட்கும் தகுதியை இந்தப் பட்டயம் தருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1000 தொழிலாளர் உள்ள ஆலைக்கு அந்தப் பதவியைக் கட்டாயமாக்கியது. 2020-இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 என்றும், அபாயகரச் செயல்முறை உள்ள இடங்களில் 250 என்றும் குறைத்திருக்கிறது. வேலை அனுபவமுள்ள பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரிகளுக்கும் இந்தப் பதவிக்கு இடமுண்டு. பெரும்பான்மைத் தொழிலாளர்களின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பல மாநில விதிகள் சொல்வது, தமிழும் மலையாளமும் ஒருசேரப் பேசி வளர்ந்த எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்குச் சாதகமான செய்தி. வெளிநாடென்றால் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கழகத்து ஈராண்டு நச்சியல் முதுகலை சிறப்பானதுதான், ஆனால் கல்வி உதவித்தொகை கையில் உறுதியாகாமல் நிலத்தை அடகு வைத்துப் போகும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேதிப்பொறியியல் பி.டெக். கையில் இருந்து, குழாய்களும் வால்வுகளும் பிடித்தமானவையாக இருந்தால் திருச்சிக்குப் போகலாம். குடும்பத்துக்கு உடனே சம்பளம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆண்டு ஆலை வேலைக்குப் பின் தரமணி போதும். வேதியியலோ உயிர்வேதியியலோ படித்து, கணக்குக்கு அஞ்சாத பிள்ளையாக இருந்தால், தொலைவைப் பொருட்படுத்தாமல் நச்சியலுக்குப் போகச் சொல்கிறேன். பாலக்காட்டு முகவரியோடு தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க நினைப்பவர்கள், இருப்பிடச் சான்று பற்றிய விதியை நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். தேசிய அளவிலான கேட், ஜி.ஏ.டி.-பி. சேர்க்கையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. எந்தப் படிப்பானாலும் சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உண்மையான தரவை வைத்து மாணவரே ஓர் இடர் மதிப்பீட்டு அறிக்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதும் பயிற்சியும், ஆலையிலோ ஜி.எல்.பி. ஆய்வகத்திலோ குறைந்தது நான்கு மாதமேனும் நேரடி வேலையும் அதில் இல்லையென்றால், கல்லூரி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடலாம்.