2018-இன் தமிழ் ஆல்பங்கள்: இன்றைக்கும் முழுதாகக் கேட்பவை

டிசம்பர் வந்தால் இசைப் பைத்தியங்கள் எல்லோரும் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போடுவோம். எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் காதில் நிற்பது கடைசி இரண்டு மூன்று மாதங்களில் வந்த பாட்டுகள். பிப்ரவரியில் வந்தது பாதி மறந்திருக்கும். ஒரு ஆல்பம் எவ்வளவு தாங்கும் என்று தெரிய சில வருடங்களாவது ஆகவேண்டும். அதனால் இங்கே பேசப்போவது பழைய வருடம் ஒன்றைப் பற்றி, 2018. தமிழ்த் திரையிசையில் அந்த ஒரு வருடம் எனக்குக் கொடுத்த அளவுக்கு அதற்குப் பிறகு வந்த எந்த வருடமும் கொடுக்கவில்லை. இப்போதும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் அதில் ஒன்று வீட்டில் ஓடும்.

என் அளவுகோல் எளிமையானது. ஷஃபிளை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எதையும் தாண்டாமல் கேட்க முடிகிறதா? ஒரே ஒரு ஹிட்டுக்காகத் திறக்கிற ஆல்பம் எவ்வளவு பெரிய ஹிட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது.

அந்த வருடம் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் வருடம். ஜூனில் ‘காலா’, செப்டம்பர் கடைசியில் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபரில் ‘வட சென்னை’. தாராவி, திருநெல்வேலி, வட சென்னையின் கடலோரக் குப்பம் என்று மூன்று இடங்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரே ஆள் செய்தது என்று சொல்லவே முடியாது. அந்தந்த ஊரில் பாடிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப்போய் மைக்கைக் கையில் கொடுத்ததுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றில் எனக்கு மிக நெருக்கமானது ‘பரியேறும் பெருமாள்’. மாரி செல்வராஜின் முதல் படம். பார்த்தவர்களுக்குத் தெரியும், நாயகன் பரியனின் வேட்டை நாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்வார்கள். அதற்கான பாட்டு ‘கருப்பி’. ஒப்பாரிதான் அது, ஆனால் அழுது தேய்கிற ஒப்பாரி கிடையாது. அடியில் தாளம் கனமாக இறங்கிக்கொண்டே இருக்க, மேலே குரல் பாட்டாகவும் பேச்சாகவும் திட்டாகவும் மாறி மாறி வரும். செத்தது நாய் மட்டும் இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். படம் பார்க்காதவர்களிடம்கூட இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பாதியிலேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அதே ஆல்பத்தில் ‘வா ரயில் விடப் போலாமா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. பிரித்திகாவின் இளம் குரல், விளையாட்டுத்தனமான மெட்டு. முதல் சில மாதங்கள் இதை இனிமையான பாட்டு என்ற அளவில்தான் கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் ‘கருப்பி’யோடு அது சேர்ந்துகொண்டது. நாய் செத்ததும் ரயிலில். கடைசியில் பரியனைக் கொல்லப் பார்த்துக் கொண்டுபோய்ப் போடுவதும் தண்டவாளத்தில். நடுவில் ஒரு பெண்குரல் ரயில் விட்டு விளையாடக் கூப்பிடுகிறது. ஒருத்திக்கு விளையாட்டாக இருப்பது இன்னொருவனுக்கு உயிர் போகிற இடம். இந்தப் படத்தில் நாயகி ஜோவுக்கும் பரியனுக்கும் நடுவில் இருக்கிற தூரம் முழுக்க அந்த இரண்டு பாட்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டையும் தனித்தனி பிளேலிஸ்ட்டில் போட்டுக் கேட்டால் இது பிடிபடாது.

அப்புறம் ‘எங்கும் புகழ் துவங்க’. அந்தோணி தாசனின் குரலைக் கச்சேரிகளில் கேட்டவர்களுக்கு அது எப்படி ஏறும் என்று தெரியும். இதைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தெற்கத்திக் கோயில்கொடைக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கவேண்டுமென்றால் கொஞ்சம் சத்தம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

‘வட சென்னை’ வேறு மாதிரியான அனுபவம். இயக்குநர் வெற்றிமாறனுக்கு ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’, ‘விசாரணை’ எல்லாம் ஜி.வி. பிரகாஷ்குமார்தான். இந்தப் படத்தில்தான் முதல்முறையாகச் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்தார். வந்த புதிதில் எல்லோரும் ‘என்னடி மாயாவி நீ’யைத்தான் கேட்டோம். சித் ஸ்ரீராம் அன்றைக்கு இருந்த உச்சத்தில் அது இயல்பு. எனக்கு அந்தப் பாட்டின் மேல் இருந்த மோகம் வருடங்களில் கொஞ்சம் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்திருப்பது ‘கார்குழல் கடவையே’. ஸ்ரீராம் பார்த்தசாரதி அதை எந்த அவசரமும் இல்லாமல் பாடியிருக்கிறார். கர்நாடக சங்கீதத்தில் ஊறிய குரலைக் குப்பத்துக் காதலுக்குக் கொண்டுவந்தால் ஒட்டாமல் போகும் ஆபத்து இருக்கிறது. இதில் அப்படி ஆகவில்லை, ஏனென்றால் அவர் எங்கேயும் வித்தை காட்டவில்லை. ஒரு இழுப்பு தேவையென்றால் ஒரு இழுப்புதான்.

அந்த இரண்டு மெலடிகளைச் சுற்றி ‘மாடில நிக்குற மான்குட்டி’, ‘சந்தனத்தக் கரைச்சி’, ‘அலங்காரப் பந்தல்’ என்று கானாக்கள். இவற்றை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள், அதுதான் என் வருத்தம். கானா என்றால் குடித்துவிட்டு ஆடுகிற பாட்டு என்று சினிமா பல வருடம் பழக்கிவைத்திருக்கிறது. இங்கே அது தெருவின் நல்லது கெட்டது இரண்டுக்கும் வருகிற பாட்டாக இருக்கிறது. மெலடிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் காதல் மிஞ்சும், ஊர் போய்விடும்.

‘காலா’வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராவியைச் சேர்ந்த டோப்படெலிக்ஸ் குழுவின் ராப் இன்றும் சுருதி குறையாமல் இருக்கிறது. குறிப்பாகத் ‘தெருவிளக்கு’. ராப் பாடகர் அறிவு எழுதிய ‘உரிமையை மீட்போம்’ மேடைக்கென்றே செய்த பாட்டு, வீட்டில் தனியாகக் கேட்க எனக்கு வாய்ப்பதில்லை. ஆனால் ‘கண்ணம்மா’ இருக்கிறதே, அது இந்த ஆல்பத்தை விட்டு வெளியே வந்து வேறொன்றோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.

அந்த வேறொன்று ‘96’. இரண்டும் நாலு மாத இடைவெளியில் வந்த படங்கள். ‘காலா’வில் பேரன் பேத்தி எடுத்த கரிகாலனும் சரீனாவும், ‘96’-இல் இருபத்திரண்டு வருடம் கழித்துச் சந்திக்கிற ராமும் ஜானுவும். இரண்டிலும் காதல் முடிந்துபோய் வாழ்க்கை வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. ‘கண்ணம்மா’வை எழுதியவர் உமாதேவி. ‘96’-இன் ‘வசந்த காலங்கள்’, ‘இரவிங்கு தீவாய்’ இரண்டும் அவர் எழுதியவைதான். பிரதீப் குமார் குரலும் இரண்டு ஆல்பத்திலும் இருக்கிறது. ‘கபாலி’யின் ‘மாய நதி’யை எழுதியவரும் உமாதேவிதான். தமிழ் சினிமாவில் காதல் பாட்டு என்றால் இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டியவர்களின் காதலுக்குச் சொல் தேடியவர் அவர். இந்தப் பாட்டுகளை முன்பை விட இப்போது நான் அதிகம் கேட்பதற்கு என் வயதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘96’-இன் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா, தைக்குடம் பிரிட்ஜ் குழுவில் வயலின் வாசிப்பவர். ஆல்பம் முழுக்க வயலின்காரரின் காது தெரியும். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு உடனே ஓடாமல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நிற்பார். ‘காதலே காதலே’யில் கல்யாணி மேனனைப் பாட வைத்தது அந்த வருடத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்று. 1980-இல் எம்.எஸ்.வி. இசையில் ‘சுஜாதா’ படத்துக்காக ‘நீ வருவாய் என’ பாடியவர். அத்தனை வருடம் கழித்து அந்தக் குரலில் ஏறியிருந்த முதிர்ச்சி, காத்திருந்து கழிந்துபோன காலத்தைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. 2021-இல் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பாட்டை எதேச்சையாகப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க எனக்கு முடிவதில்லை.

சின்மயி விஷயத்தையும் சொல்லவேண்டும். படத்தில் த்ரிஷாவுக்குப் பின்னணி பேசியதும் அவர்தான், பாட்டுகளில் பெண்குரலும் பெரும்பாலும் அவருடையதுதான். ஜானு பேசுவதும் பாடுவதும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது. அதனால் படம் பார்த்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டால் ஜானுவே பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். நம் படங்களில் கதாநாயகியின் பேச்சுக்கு ஒருவர், பாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வேறொருவர் என்றே பழகிய காதுக்கு இது பெரிய மாற்றம்.

கார்த்திக் நேத்தா எழுதிய ‘தி லைஃப் ஆஃப் ராம்’ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பயணத்துக்கு ஏற்ற பாட்டு என்று பலர் சொல்வார்கள். நான் அதை வீட்டில்தான் கேட்கிறேன். தனியாக இருப்பதைக் குறையாகச் சொல்லாமல், பரிதாபமும் கேட்காமல், அப்படியே ஏற்றுக்கொண்டு பாடுகிற தமிழ்ப் பாட்டு எத்தனை இருக்கிறது? பிரதீப் குமார் குரலை எங்கேயும் முறுக்கவில்லை. மனசு சரியில்லாத நாளிலும் கேட்கலாம், நன்றாக இருக்கிற நாளிலும் கேட்கலாம். நெடுநாள் உழைக்கிற பாட்டுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

‘பேரன்பு’ படம் 2019 பிப்ரவரியில்தான் வந்தது. பாட்டுகள் 2018 ஜூலையிலேயே வந்துவிட்டதால் எனக்கு அது 2018-இன் ஆல்பம்தான். அரை வருடம் காட்சியே இல்லாமல் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இயக்குநர் ராமும் இசையமைப்பாளர் யுவன் ஷங்கர் ராஜாவும் ‘கற்றது தமிழ்’, ‘தங்க மீன்கள்’, ‘தரமணி’ என்று சேர்ந்து வந்தவர்கள். மூன்றிலும் பாட்டு நா. முத்துக்குமார். 2016-இல் அவர் மறைந்த பிறகு இந்தக் கூட்டணி என்ன செய்யும் என்ற கவலையோடுதான் ‘பேரன்பு’வைத் திறந்தேன். மொத்தமே நாலு பாட்டு. வைரமுத்துவும் சுமதி ராமும் கருணாகரனும் எழுதியிருக்கிறார்கள். கார்த்திக் பாடிய ‘அன்பே அன்பின்’ தொடங்கியதும் அந்தக் கவலை போய்விட்டது. மது ஐயர் பாடிய ‘செத்துப் போச்சு மனசு’ அவ்வளவு மெலிதான பாட்டு, பேருந்தில் கேட்டால் இன்ஜின் சத்தமே விழுங்கிவிடும். ராத்திரி, நல்ல ஹெட்போன், விளக்கை அணைத்துவிடுங்கள். வேறு எப்படிக் கேட்டாலும் பாதிதான் கிடைக்கும்.

ஏ.ஆர். ரஹ்மானின் ‘செக்கச் சிவந்த வானம்’ எனக்கு ஏற்ற இறக்கமாகவே இருந்துவருகிறது. ‘மழைக்குருவி’யும், சக்திஸ்ரீ கோபாலன் பாடிய ‘பூமி பூமி’யும் குறையவே இல்லை. படத்தில் பாட்டுகளைத் துண்டு துண்டாகத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் கண்ணில் காட்சி எதுவும் ஒட்டாமல் பாட்டு பாட்டாகவே தங்கிவிட்டது. ‘மழைக்குருவி’க்கு அது நல்லதே செய்திருக்கிறது. மற்ற சில பாட்டுகள் பிடிப்பில்லாமல் நழுவிவிட்டன. ‘2.0’-வில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, ‘புள்ளினங்காள்’. முத்துக்குமார் எழுதி, அவர் போன பிறகு வெளிவந்த பாட்டு. பாடிய பம்பா பாக்யாவும் 2022-இல் போய்விட்டார். தரையிலிருந்து கிளம்பி வருகிற மாதிரியான குரல் அவருடையது. பறவைகளைப் பற்றிய பாட்டுக்கு அந்தக் கனத்த குரலைத் தேர்ந்தெடுத்த ரஹ்மானை நினைத்து இன்னமும் வியப்பேன்.

பட்டியலில் நிற்காமல் போனவை? ‘மாரி 2’வின் ‘ரவுடி பேபி’ கல்யாண வீடுகளில் இன்றும் ஓடுகிறது, ஓடட்டும். அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. யுவனே தயாரித்த ‘பியார் பிரேமா காதல்’ பன்னிரண்டு பாட்டுகள். சித் ஸ்ரீராமின் ‘ஹை ஆன் லவ்’ தவிர மற்றதை எடுத்து வைத்தால் பாதி இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது, பாதி அந்த வருடத்தோடு போய்விட்டது. பாட்டைக் குறைத்திருக்கலாம்.

இவற்றை இப்போது புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு: ‘96’-இல் தொடங்கவேண்டாம், அது எப்படியும் உங்களைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் மற்றதுக்கு வரமாட்டீர்கள். ‘பரியேறும் பெருமாள்’ முதலில். மறுநாள் ‘வட சென்னை’, கானாக்களோடு சேர்த்து. ‘பேரன்பு’வை வாரக் கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செயலிகளில் தேடும்போது பாட்டின் பெயரைப் போடாமல் ஆல்பத்தின் பெயரைப் போட்டுத் திறங்கள். பாட்டிலிருந்து போனால் அது முடிந்ததும் அதே பாடகரின் வேறு படத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், ‘வா ரயில் விடப் போலாமா’ வரைக்கும் நீங்கள் வரவே மாட்டீர்கள்.