தாடையில் வெள்ளை முடி: பவுடரா, பவுண்டேஷனா?

முடி நீக்கும் லேசர், முடிக்குக் கருமை தரும் மெலனின் நிறமியைத்தான் குறிவைக்கும். தாடையில் முளைக்கும் வெள்ளை முடியை அது கண்டுகொள்ளாது. அதனால் எனக்கு எலக்ட்ரோலிசிஸ்: ஒவ்வொரு வேராக ஊசி, மின்சாரம். இடுக்கியில் பிடிபட முடி கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும் என்பதால் முந்தைய சில நாள் சவரம் கிடையாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆன்ட்டிமார் என் முகத்தருகே வந்து பேசுவதும் சரியாக அந்த நாட்களில்தான்!

அந்த முடியை மறைக்க முதலில் பவுடர் போட்டுப் பார்த்தேன். எண்ணெய் வழியவில்லை, உண்மைதான். ஆனால் எல்ஆர்டி ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் முகம் பார்த்தால், ஒவ்வொரு முடியிலும் தூள் ஒட்டி, தாடையில் கோதுமை மாவு தூவிய மாதிரி இருந்தது. மாநிறத் தோலில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

கிரீம் பவுண்டேஷன் வேறு கதை. ஈர ஸ்பாஞ்சில் துளி எடுத்து, தேய்க்காமல், முடி படுத்திருக்கும் திசையிலேயே ஒத்த வேண்டும். வெள்ளை முடியும் தோல் நிறத்தை வாங்கிக்கொள்ளும். அடர்த்தியாகப் பூசினால் திரண்டுவிடும். பளபளக்கும் ரகம் வேண்டவே வேண்டாம். கோலாலம்பூர் புழுக்கத்தில் மதியத்துக்குள் கசியும், டிஷ்யூவால் ஒற்றிக்கொள்கிறேன். என் ஓட்டு இதற்குத்தான். பவுடர் மூக்குக்கு மட்டும்.

எலக்ட்ரோலிசிஸ் செய்த அன்று இரண்டுமே கூடாது. தோல் சிவந்து புண்பட்டிருக்கும், ஒரு நாளாவது விடுகிறேன். அன்றைக்கே கல்யாண விருந்து வந்தால் முகக்கவசம்தான், வாழையிலை முன்னால் உட்காரும் வரை.