கறுப்புச் சதுரமும் வெள்ளவத்தை பிரேம் கடையும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. கன்வாஸில் பிரிண்ட் எடுத்து, பிரேமும் அடித்துத் தருகிறார்கள். நான் கொடுத்தது ஓவியர் கசிமிர் மலேவிச் 1915இல் வரைந்த 'கறுப்புச் சதுரம்'. வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான். மூல ஓவியம் மொஸ்கோவில், திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது, பக்கத்துக்கு 79.5 சென்ரிமீற்றர். அதே அளவில்தான் வேண்டும் என்று கேட்டேன். சிறிதாக்கினால் அந்தக் கறுப்பின் பாரம் போய்விடும்.

முதல் பிரிண்ட் சரிவரவில்லை. கணினியில் இருந்த தம்பி நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறார். வெடிப்புகளை எல்லாம் அழித்து, கோணல் ஓரங்களை நிமிர்த்தி, பழுப்பேறிய வெள்ளையைப் பால்வெள்ளை ஆக்கியிருந்தார். பழைய கலியாணப் படங்களை அப்படித்தான் திருத்திக் கொடுப்பார்களாம். ஆனால் இந்த ஓவியத்துக்கு வெடிப்புகள்தான் உயிர். மலேவிச் வெறும் கன்வாஸில் கறுப்பைப் பூசவில்லை. ஏற்கெனவே பல நிறங்களில் வரைந்திருந்ததன் மேல் பூசினார். மேற்பூச்சு வெடித்து, அடியில் கிடந்த நிறங்கள் கீற்றுக் கீற்றாக வெளியே தெரிகின்றன. 2015இல் கலைக்கூட ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அடியில் இரண்டு ஓவியங்கள் இருப்பது தெரியவந்தது. பக்கங்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமில்லை. அதையெல்லாம் நேராக்கினால் மிஞ்சுவது ஒரு கறுப்புக் கட்டம்தான்.

"அண்ணா, ஒன்றும் திருத்த வேண்டாம், அப்படியே அடியுங்கோ" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, மேலதிகக் காசும் கேட்கவில்லை. இரண்டாவது பிரிண்ட் மினுக்கமில்லாத கன்வாஸில் வந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் வெடிப்பின் மெல்லிய கோடுகள்கூடத் தெளிவாக இருக்கின்றன. ஒரே குறை, டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பு கொஞ்சம் நீலம் பாய்கிறது. பகலில் அது தெரியவில்லை.

பிரேம் வேலையைப் பற்றித்தான் மனம் நிறைந்து சொல்ல வேண்டும். கன்வாஸுக்கும் மரத்துக்கும் நடுவில் கால் அங்குல இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள். நாலு மூலையிலும் மரம் இடுக்குத் தெரியாமல் பொருந்தியிருக்கிறது. கண்ணாடி போட்டால் எதிர்ச் சுவரின் யன்னல்தான் தெரியும், வேண்டாம் என்று கடைக்காரரே தடுத்துவிட்டார். பாண்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேஷன் கலைக்கூடத்தில், 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவின் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பிரேம் படத்தை விழுங்கக்கூடாது என்பது முக்கியம். இது விழுங்கவில்லை.

1915 டிசம்பரில் பெட்ரோகிராட்டில் (இன்றைய சென் பீற்றர்ஸ்பேர்க்) '0,10' என்ற கண்காட்சியில் இந்தப் படத்தைச் சுவரில் அல்ல, கூரையோடு ஒட்டிய மூலையில் மாட்டினார்கள். ரஷ்ய வீடுகளில் அது திருவுருவப் படம் வைக்கும் இடம், நம் வீட்டுச் சாமித்தட்டு மாதிரி. அப்படியே மாட்ட வேண்டும் என்றதும், இரண்டு பக்கச் சுவரிலும் பிடிக்கிற மாதிரி துருப்பிடிக்காத கொளுக்கிகள் தேடித் தந்தார் கடைக்காரர். கடற்காற்று அடிக்கிற வீடென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஓவியம் எதைக் கொடுத்தாலும், திருத்த வேண்டாம் என்று ஓடரிலேயே எழுதிக் கொடுங்கள்.