ட்ரோனா, கயிறா, சாரமா? மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரைச் சோதிக்கும் வழிகள்

போன ஐப்பசி மழை ஓய்ந்த வாரம், மதுரையில் எங்கள் எட்டு மாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடி சன்ஷேடிலிருந்து தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பத்தை பெயர்ந்து, கீழே நின்ற ஸ்கூட்டரின் சீட்டைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் துருப்பிடித்த கம்பியின் தடம் செம்மண் நிறத்தில் அப்படியே பதிந்திருந்தது. காலையில் பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் காத்து நிற்கும் இடம் அது.

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம். ட்ரோன் விட்டுப் படம் எடுக்கலாம் என்றார் ஒருவர். கயிற்றில் ஆள் இறக்கலாம் என்றார் இன்னொருவர். சாரம் கட்டாமல் எதுவும் நடக்காது என்றார், நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்த மேஸ்திரி.

எது சரி என்று தேடியபோது வெளியூர் விதிகள்தான் எனக்குக் கைகொடுத்தன. நியூயார்க்கில் 1979இல் கட்டடத்திலிருந்து உடைந்து விழுந்த துண்டு தலையில் பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே ஆறு மாடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடமும் 5 வருஷத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். பத்திரமானது, பழுது பார்த்தால் பத்திரமானது, ஆபத்தானது என்று மூன்றில் ஒன்றை நிபுணர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிங்கப்பூர் 2022இல் தொடங்கியது: 13 மீட்டருக்கு மேல் உயரம், 20 வயது தாண்டிய கட்டடம் என்றால் 7 வருஷத்துக்கு ஒருமுறை. சுவர் முழுவதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் கைக்கெட்டும் தூரத்தில் போய்ச் சோதித்தாக வேண்டும். இந்தக் 'கைக்கெட்டும் தூரம்' என்பதை வைத்துத்தான் மூன்று வழிகளையும் எடைபோட்டேன்.

ட்ரோன் வேகமானது, மூன்றிலும் மலிவானது. எங்கள் நான்கு பக்கச் சுவரையும் அரை நாளில் படம் பிடித்துவிட்டார்கள். காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று, ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டின் துரு, சன்ஷேடு ஓரத்து வெடிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வெப்பக் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. சுவரை விட்டுப் பிரிந்து நிற்கிற பூச்சு வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும் என்பதால் அந்த இடம் தனி நிறத்தில் காட்டும். ஆனால் வெயில் படாத வடக்குச் சுவரில் அதை நம்பிவிட முடியாது. அனுமதியையும் கவனிக்க வேண்டும். 2021 ட்ரோன் விதிப்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பறக்கவிட வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவனியாபுரம், வில்லாபுரம்காரர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி உயரம் வரை சிக்கல் இல்லை, கே.கே. நகர்ப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அது போதும்.

ட்ரோனின் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. அது சுவரைத் தட்டாது.

கயிற்றில் ஆள் இறங்கிய நாளில்தான் இது எனக்கு உறைத்தது. ட்ரோன் படத்தில் கிழக்குச் சுவர் சுத்தமாக இருந்தது, ஒரு கீறல் கிடையாது. ஆறாம் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்தத் தம்பி மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். 'டங் டங்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்துப் பொத்து' என்று மாறியது. கீழே நின்ற எங்களுக்கே கேட்டது. சாக்பீஸால் அவர் சுற்றி வரைந்த வட்டம் ஒரு கட்டில் அளவு இருந்தது. அத்தனை பூச்சும் உள்ளே சுவரை விட்டுப் பிரிந்து, பெயிண்ட்டின் பிடியில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

கயிறு என்றதும் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒற்றைக் கயிற்றில் பலகை கட்டித் தொங்குவதைத்தான் நம் ஊரில் நினைப்பார்கள். அதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பயிற்சி பெற்ற கயிற்று வேலைக்காரருக்கு இரண்டு கயிறு உண்டு: ஒன்று இறங்க, மற்றொன்று முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள. இரண்டையும் தனித்தனி இடத்தில் கட்டுவார்கள். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் தூண்களில் கட்டினார்கள். முதலில் விலை சொன்ன ஓர் ஆள் கைப்பிடிச் சுவரில் கட்டிக்கொள்கிறேன் என்றார். நாலரை இஞ்சுச் செங்கல் சுவர், எப்போது வேண்டுமானாலும் சாயும். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

சாரத்துக்குக் கேட்ட தொகை கயிற்றுக்குக் கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜன்னல் எல்லாம் மறையும், திருட்டுப் பயம் வரும், வேலை முடியும் வரை வண்டி நிறுத்த இடம் இருக்காது. இருந்தாலும் மேஸ்திரி சொன்னதில் நியாயம் உண்டு. சாரத்தில் நின்றால் சுவரின் எந்த இடத்தையும் தட்டலாம், பொக்கான பூச்சை அப்போதே கொத்தி எடுக்கலாம், கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்பு அடித்துப் பூசிவிடலாம். குடமுழுக்குக்குக் கோபுரம் முழுக்கச் சாரம் கட்டி, ஒவ்வொரு சுதையையும் கையால் தொட்டுச் சரிபார்க்கும் ஊர் இது. 12 வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து அதைச் செய்யத் தெரிந்த நாம், நாம் குடியிருக்கும் சுவரை அது விழும் வரைக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2021 டிசம்பரில் இதே மதுரையில் இரவு ரோந்தில் இருந்த காவலர் ஒருவர் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார். அதை மறக்க முடியவில்லை.

என் முடிவு இது: இரண்டு மூன்று மாடிப் பழைய கட்டடம் என்றால் யோசிக்காமல் சாரம். உயரம் கூடக்கூடக் கயிறு. ட்ரோனை மட்டும் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எங்கேயும் எழுதாதீர்கள். நாங்கள் ட்ரோன் படத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு, ஆள் நடக்கிற, வண்டி நிற்கிற பக்கங்களில் முதலில் கயிறு இறக்கினோம். பழுது கண்ட கிழக்குச் சுவருக்கு மட்டும் சாரம் கட்டப்போகிறோம். நியூயார்க் விதியும் தெருப்பக்கச் சுவரில்தான் கண்டிப்பாக இருக்கிறது; 60 அடிக்கு ஓரிடத்திலாவது ஆள் நெருங்கிப் போய்ப் பார்த்தே தீர வேண்டும். எந்த வழியில் போனாலும் அறிக்கையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும், ஒப்பந்தக்காரரின் கையெழுத்து போதாது. கொத்த வேண்டிய சதுரடியைச் சொல்கிறவரும் கொத்திக் காசு வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

ஆபத்து என்று எழுதிவிட்டால் நியூயார்க்கில் உடனே நடைபாதைக்கு மேல் கூரை போட்டாக வேண்டும், பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். எங்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை, ஆனாலும் அதையே செய்தோம். வாசலுக்கு மேல் தகரப் பந்தல் போட்டு, கிழக்குச் சுவரை ஒட்டிப் பத்தடிக்கு யாரும் போகாதபடி அடைத்தாயிற்று. வேன் இப்போது பின்கேட்டில் நிற்கிறது. நான்காம் மாடி அக்காவுக்கு முழங்கால் வலி. "இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி இப்படிச் சுத்திப் போகணும்?" என்று நேற்றும் கேட்டார். சாரம் ஏறி அந்தக் கட்டில் அளவுப் பூச்சைக் கொத்தி இறக்குகிற வரைக்கும், அக்கா.